ஸ்லீவா, பைபாஸா, ஊசியா? வன்னியில் இருந்து முடிவெடுப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

உடல் எடையைக் குறைக்கச் செய்யும் ஸ்லீவ் சத்திரசிகிச்சையில் வெட்டி எடுக்கும் இரைப்பைத் துண்டு வாழைப்பழம் போல வளைந்திருக்கும். வயிற்றில் போட்ட 12 முதல் 15 மில்லிமீற்றர் துளையொன்றின் வழியாகவே அதை இழுத்து வெளியே எடுப்பார்கள். உள்ளே மிஞ்சுவது 100 முதல் 150 மில்லிலீற்றர் கொள்ளும் ஒரு குழாய். ஒரு சின்னக் கோப்பைப் பிளேன்ரீ அளவு. எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. இரைப்பை பைபாஸில் எதையும் வெட்டி வெளியே எடுப்பதில்லை, சாப்பாடு போகும் பாதையை மாற்றிவிடுகிறார்கள். அதன் பிறகு ஆயுள் முழுக்க விற்றமின் குளிசை. ஊசி மருந்துக்கு வயிற்றில் ஒரு கீறலும் வேண்டாம், ஆனால் நிறுத்தினால் எடை திரும்பத் தொடங்கும்.

கொழும்பில் இருப்பவர் போடும் கணக்கு வன்னியில் இருப்பவருக்கு அப்படியே பொருந்தாது. எத்தனை கிலோ குறையும் என்று பார்த்தால் ஸ்லீவுக்கும் பைபாஸுக்கும் வித்தியாசம் சிறியது. ஒன்றரை வருடம் கழித்து, ஒட்டுசுட்டானிலோ மல்லாவியிலோ ஓர் இரவு வயிற்றுக்குத்து தொடங்கினால் அடுத்து என்ன செய்வது என்று பார்த்தால் வித்தியாசம் பெரியது. இந்த ஒப்பீட்டில் நாங்கள் கூடுதல் நிறை கொடுப்பது இரண்டாவது கேள்விக்கு.

யாருக்குப் பொருந்தும்

கணக்கு பிஎம்ஐயில் (உடல் எடைச் சுட்டியில்) தொடங்குகிறது: கிலோவில் எடையை, மீற்றரில் உயரத்தால் இரண்டு தடவை வகுக்க வேண்டும். 160 சென்ரிமீற்றர் உயரமானவருக்கு ஏறத்தாழ 70.5 கிலோ என்றால் 27.5, 77 கிலோ என்றால் 30, 90 கிலோ என்றால் 35, 102 கிலோ என்றால் 40. 1991 முதல் நெடுங்காலம் இருந்த அளவுகோல் 40, அல்லது 35உடன் நீரிழிவு போன்ற நோய் ஒன்று. 2022இல் சர்வதேச சத்திரசிகிச்சைச் சங்கங்கள் அதைத் தளர்த்தின. இப்போது 35க்கு மேல் வேறு நோய் இல்லாவிட்டாலும் செய்யலாம், இரண்டாம் வகை நீரிழிவு இருந்தால் 30இலேயே செய்யலாம். ஆசியர்களுக்கு 27.5இல் இருந்தே யோசிக்கலாம் என்கிறார்கள், ஏனென்றால் எங்கள் உடலில் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் சீனி வருத்தமும் வந்துவிடுகின்றன.

ஒரு காலை இழந்தவருக்கு இந்தக் கணக்கு பிழைக்கும். வன்னியில் இது அரிதான விஷயம் இல்லை, ஆனாலும் கிளினிக் அட்டையில் பெரும்பாலும் திருத்தாமலே எழுதப்படுகிறது. முழங்காலோடு கீழ்ப்பகுதி போயிருந்தால் உடல் எடையில் சுமார் 6 வீதம் இல்லை, தொடை நடுவில் என்றால் 10 வீதத்துக்கு மேல். பொய்க்காலைக் கழற்றிவிட்டு நிறுத்தபோது 80 கிலோ இருக்கும் ஒருவருக்கு, முழங்காலுக்குக் கீழ் இல்லையென்றால், 80ஐ 0.94ஆல் வகுக்க 85 வரும். 160 சென்ரிமீற்றர் உயரத்துக்கு பிஎம்ஐ 31 அல்ல, 33. உயரத்தை மற்றக் காலில் நிற்கவைத்தே அளக்க வேண்டும். இன்னொன்று, எடை இறங்க இறங்க மிஞ்சிய காலும் மெலியும், பொய்க்காலின் குழி தளரும், புண் வரும். முதல் வருடத்தில் குழியை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை மாற்ற வேண்டிவரும் என்பதை ஒப்பரேசனுக்கு முன்பே செயற்கை அவயவம் செய்து தருபவரிடம் சொல்லிவைக்க வேண்டும்.

எடை எப்படி இறங்குகிறது

வயிறு சின்னதானால் குறையச் சாப்பிடுவார், அதனால் மெலிவார் என்பது பாதி உண்மை. பட்டினி கிடந்து மெலிபவரின் உடல் எதிர்த்து நிற்கும்: பசியைத் தூண்டும் கிறலின் என்ற ஹோர்மோன் கூடும், உடல் எரிக்கும் சக்தி குறையும். நோன்பு, ஒருநேரச் சாப்பாடு என்று பத்துக் கிலோ குறைத்தவர்கள் பதினொரு கிலோவோடு திரும்பி வருவதற்கு மனவுறுதி இல்லாதது காரணம் இல்லை.

கிறலின் பெரும்பகுதி சுரப்பது இரைப்பையின் மேற்பகுதியில். ஸ்லீவில் வெட்டி எடுப்பது அந்தப் பகுதியைத்தான், அதனால் பசியே மங்குகிறது. பைபாஸில் சாப்பாடு சிறுகுடலின் கீழ்ப்பகுதிக்கு வேகமாகப் போய்ச் சேரும். அங்கிருந்து ஜிஎல்பி-1, பிவைவை என்ற ஹோர்மோன்கள் கூடச் சுரந்து, ‘போதும்’ என்ற செய்தியை மூளைக்கு அனுப்பி, இன்சுலினையும் தூண்டும். எடை கணிசமாக இறங்குவதற்கு முன்னரே, சில நாட்களிலேயே, சீனி இறங்கத் தொடங்குவது இதனால்தான். சாப்பாடு உறிஞ்சப்படாமல் வெளியே போவதால் மெலிகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். வழமையான பைபாஸில் அதன் பங்கு சிறியது. உறிஞ்சப்படாமல் போவது முக்கியமாக இரும்பும் பி12உம் கல்சியமும்.

இரண்டு ஒப்பரேசன்கள், கிட்ட வைத்துப் பார்த்தால்

ஸ்லீவில், வாய் வழியாக ஒரு குழாயை இரைப்பைக்குள் இறக்கி, அதை அளவுகோலாக வைத்து, குடல் வாசலில் இருந்து 4 முதல் 6 சென்ரிமீற்றர் தள்ளித் தொடங்கி மேல்நோக்கி ஸ்டேப்ளரால் வெட்டித் தைத்துக்கொண்டே போவார்கள். ஸ்டேப்ளருக்குள் போடும் 60 மில்லிமீற்றர் தோட்டா (கிளிப்புகள் அடுக்கிய உறை) ஒவ்வொன்றும் ஒரு தடவைக்குத்தான், ஒருவருக்கு ஐந்தாறு தேவைப்படும். தனியாரில் செலவு ஏறுவது இங்கேதான். மதிப்பீட்டை எழுத்தில் வாங்கும்போது தோட்டாக்களின் எண்ணிக்கை அதில் அடங்குமா, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நாள் அடங்குமா என்று கேளுங்கள். பிழைக்கும் இடம் பெரும்பாலும் தையலின் மேல்முனை, களம் (உணவுக்குழாய்) இரைப்பையோடு சேரும் மூலை. குழாய்க்குள் அழுத்தம் கூட என்பதால் அங்கே கசிவு வந்தால் ஆற நாள் எடுக்கும். நூறில் ஒருவர் அளவில் இது நடக்கிறது.

பைபாஸில், இரைப்பையின் மேல்நுனியில் 30 மில்லிலீற்றர் பை ஒன்றை மட்டும் பிரித்து, சிறுகுடலை வெட்டி மேலே கொண்டுவந்து அதில் பொருத்துவார்கள். இரண்டு பொருத்துக்கள், கூடுதல் நேரம், கூடுதல் கைத்திறன். மீதி இரைப்பை வயிற்றுக்குள்ளேயே வெறுமையாக இருக்கும், பிறகு சாதாரண எண்டோஸ்கோப்பியால் அதை எட்டிப் பார்க்க முடியாது.

பலன்: முதல் ஒன்றரை வருடத்தில் ஸ்லீவில் மொத்த எடையில் சுமார் 25 வீதமும் பைபாஸில் சுமார் 30 வீதமும் குறையும். 110 கிலோ உள்ளவர் முறையே 82 அல்லது 77 கிலோவுக்கு வருவார். பிறகு கொஞ்சம் ஏறும். சுவிற்சர்லாந்தில் இரண்டையும் நேரடியாக ஒப்பிட்ட ஆய்வில் 5 வருடத்தில், மேலதிக பிஎம்ஐயில் (25ஐத் தாண்டிய பகுதியில்) குறைந்தது ஸ்லீவுக்கு 61 வீதம், பைபாஸுக்கு 68 வீதம். புள்ளிவிபரப்படி இதைப் பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதே ஆய்வில் நெஞ்செரிவு மோசமானது ஸ்லீவ் செய்தவர்களில் 32 வீதத்தினருக்கு, பைபாஸில் 6 வீதத்தினருக்கு. பின்லாந்தின் 10 வருட ஆய்விலும் களத்தில் அழற்சி ஸ்லீவில் 31 வீதம், பைபாஸில் 7 வீதம். ஆகவே படுத்தால் புளிப்பு மேலே வரும், தினம் ஒமிப்ரசோல் போடாமல் முடியாது என்பவர்கள் எண்டோஸ்கோப்பி செய்யாமல் ஸ்லீவுக்குச் சம்மதிக்கக் கூடாது. களத்தில் பரெற் மாற்றம் (அமிலம் பட்டுப்பட்டு உட்சுவர் மாறிப்போன நிலை) இருந்தால் ஸ்லீவ் பேச்சுக்கே இடமில்லை.

சீனியைப் பொறுத்தவரை பைபாஸ் ஓரளவு முன்னுக்கு நிற்கிறது. அமெரிக்காவில் 150 பேரில் நடந்த ஸ்டாம்பீட் ஆய்வில், 5 வருடத்தின் பின் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் அளவு) 6 அல்லது அதற்குக் கீழே நின்றவர்கள் மருந்து மட்டும் எடுத்தோரில் 5 வீதம், ஸ்லீவில் 23 வீதம், பைபாஸில் 29 வீதம். வருத்தம் வந்து நாலைந்து வருடத்துக்குள், இன்சுலின் தொடங்காதவர்களுக்குப் பலன் அதிகம். பதினைந்து வருடம் இன்சுலின் போட்டவருக்கு டோஸ் குறையும், முற்றாக நிற்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

வன்னியின் உடம்பு, வன்னியின் தூரம்

செல் (எறிகணை) காயத்துக்காக முன்னர் வயிறு திறந்து ஒப்பரேசன் செய்தவர்களுக்குக் குடல்கள் ஒன்றோடொன்றும் வயிற்றுச் சுவரோடும் ஒட்டியிருக்கும். பைபாஸுக்கு அந்தக் குடலைப் பிரித்து அளந்து மேலே தூக்க வேண்டும், ஸ்லீவுக்கு மேல்வயிற்றுக்குள் மட்டுமே வேலை. தழும்பு தொப்புளைச் சுற்றியோ கீழேயோ ஓடினால் ஸ்லீவ் பக்கம் நியாயம் கூடும். பழைய டயக்னோசிஸ் அட்டை இருந்தால் கட்டாயம் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் எந்த வருடம், எங்கே, குடல் வெட்டித் தைத்தார்களா என்று தெரிந்ததை எழுதிக்கொண்டு போங்கள்.

அடுத்தது சிறுநீரகம். வவுனியா மாவட்டத்தில் காரணம் புலப்படாத சிறுநீரக நோய் உண்டு, வெயிலில் வயல் வேலை செய்து தண்ணீர் குறையக் குடிப்பவர்களும் அதிகம். பைபாஸின் பின் குடல் ஒக்சலேற்றை (சிறுநீரகக் கல்லை உண்டாக்கும் உப்பை) கூடுதலாக உறிஞ்சும், கல் சேரும், சிலருக்குச் சிறுநீரகமே பழுதாகும். கிரியற்றினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்த அளவு) ஏற்கெனவே கூடியவருக்கும் கல் வந்து போனவருக்கும் நாங்கள் பைபாஸைப் பரிந்துரைக்கத் தயங்குவோம். ஒரே பொருத்தில் செய்யும் ‘மினி பைபாஸ்’ இன்னும் நீளமான குடலைத் தாண்டிப் போவதால் இவர்களுக்கு அதைவிட மோசமான தெரிவு, பித்தம் மேலேறும் தொல்லையும் அதில் உண்டு.

பிறகு தூரம். கிளிநொச்சியில் இருந்து கொழும்பு ஏ9 வழியாக 330 கிலோமீற்றருக்குக் கிட்ட. ஒப்பரேசன் முடிந்து இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு விடுவார்கள். அன்றிரவே பஸ்ஸில் ஏறிக் காலை மடக்கியபடி ஏழெட்டு மணித்தியாலம் வருவதைப் போல முட்டாள்தனம் வேறில்லை: காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது இந்த ஒப்பரேசனின் முக்கிய மரணக் காரணங்களில் ஒன்று. கசிவு பெரும்பாலும் வெளிப்படுவதும் முதல் இரண்டு வாரத்தில்தான். பத்து முதல் பதினான்கு நாள் ஒப்பரேசன் செய்த ஊரிலேயே தங்க இடம் பார்த்துவிட்டுத்தான் திகதி எடுக்க வேண்டும். திரும்பும்போது எழுந்து நடக்கக்கூடிய புகையிரதம் நல்லது. வான் என்றால் மணிக்கொரு தடவை இறங்கி நடவுங்கள். சென்னைக்குப் பறந்து செய்துகொண்டு வருபவர்களுக்கும் இதே கணக்குத்தான், இன்னும் இறுக்கமாக.

பைபாஸுக்கென்று ஓர் ஆபத்து மாதங்கள், வருடங்கள் கழித்தும் வரும். குடலை இடம் மாற்றியதால் உள்ளே இடைவெளிகள் இருக்கும். கொழுப்பு கரையக் கரைய அவை விரியும், ஒரு நாள் குடல் அதற்குள் நுழைந்து முறுகும். சாப்பிட்ட பின் விட்டுவிட்டு வரும் வயிற்றுக்குத்துத்தான் அறிகுறி. சாதாரண எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். காஸ்ரிக் என்று மருந்து தந்து அனுப்பிவிட்டால் சில மணித்தியாலத்தில் குடல் அழுகும். சி.ரி. ஸ்கானும் சத்திரசிகிச்சை நிபுணரும் உள்ள வைத்தியசாலை எத்தனை மணித்தியாலத்தில் எட்டும் என்று, மாரி வெள்ளத்தில் வீதி மூடும் நாட்களையும் சேர்த்து, வீட்டில் இருந்து எண்ணிப் பாருங்கள். எட்டாது என்றால், மோசமான நெஞ்செரிவு இல்லாதவரை, ஸ்லீவ்தான் எங்கள் தெரிவு. ஸ்லீவ் பலனளிக்காவிட்டால் பிறகு பைபாஸாக மாற்றலாம் என்பதும் அதற்குச் சாதகம்.

ஊசி, பலூன், கத்தியில்லாத வழிகள்

வாரம் ஒரு தடவை போடும் செமாகுளுற்றைட் 2.4 மில்லிகிராம், 68 வாரத்தில் சராசரியாக 15 வீதம் குறைத்தது. ரிர்செபற்றைட் உச்ச அளவில் 72 வாரத்தில் 21 வீதம், ஸ்லீவுக்கு அருகில். ஆனால் செமாகுளுற்றைட்டை நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. மாதாமாதம் கையில் இருந்து காசு போகும், திறக்காத பேனாவை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும். மின்சாரம் போய்வரும் வீட்டில், பாமசியில் இருந்து பஸ்ஸில் வெயிலில் வரும் பெட்டியில், அந்த மருந்து என்ன பாடுபடும் என்று யோசிக்க வேண்டும். பிஎம்ஐ 30க்குச் சற்று மேலே இருப்பவருக்கும், மயக்க மருந்து தாங்காத இதயம் உள்ளவருக்கும், ஒப்பரேசனுக்கு முன் கொஞ்சம் இறக்க வேண்டியவருக்கும் ஊசி நல்லது. 45 பிஎம்ஐ உள்ள 30 வயதுக்காரர் நாற்பது வருடம் ஊசி வாங்குவதாகத் திட்டமிடுவது கைக்கு மீறியது.

இரைப்பைக்குள் வைக்கும் பலூன் ஆறு மாதம், எடையில் 10 வீதம் அளவு குறையும், எடுத்தபின் திரும்பும். நீலச் சாயம் கலந்த உப்புநீர் நிரப்பிய பலூன் என்றால், சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போனால் அது உடைந்துவிட்டது, அன்றே போக வேண்டும். இரைப்பையைச் சுற்றிப் பட்டி போடும் முறை வழுகுவதாலும் இரைப்பையை அரிப்பதாலும் உலகெங்கும் கைவிடப்பட்டு வருகிறது. யாராவது மலிவாகச் செய்து தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சீனி வருத்தம் வந்து ஆறு வருடத்துக்குள், பிஎம்ஐ 35க்குக் கீழ் என்றால் கத்தி எடுக்குமுன் ஒரு வழி மிச்சம் இருக்கிறது. பிரித்தானியாவின் டிறெக்ற் ஆய்வில் 3 முதல் 5 மாதம் நாளுக்கு 825 முதல் 853 கலோரி மட்டும் எடுத்தவர்களில் 46 வீதத்தினருக்கு ஒரு வருடத்தில் மருந்தில்லாமலே சீனி கட்டுக்குள் வந்தது. இரண்டு வருடத்தில் அது 36 வீதம். இன்சுலினோ கிளிக்ளசைட் என்ற சீனிக் குளிசையோ எடுப்பவர் இதை வைத்தியரிடம் கேட்காமல் தொடங்கினால் சீனி விழுந்து மயங்குவார்.

சாப்பாடும் குளிசையும்

ஒப்பரேசனுக்கு முன் இரண்டு வாரம் 800 முதல் 1000 கலோரி உணவு. இரைப்பையை மறைத்துக் கிடக்கும் கொழுப்பேறிய ஈரல் சுருங்கத்தான் இது. கடைசி நாள் ‘இனிக் கிடைக்காது’ என்று பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போவது சத்திரசிகிச்சை நிபுணரின் வேலையைத்தான் கெடுக்கும். எம்பாகிளிப்ளோசின், டபாகிளிப்ளோசின் என்ற சீனிக் குளிசை எடுப்பவர் மூன்று நாளுக்கு முன் நிறுத்த வேண்டும், இல்லையெனில் சீனி சாதாரணமாக இருந்தபடியே இரத்தம் அமிலமாகலாம்.

பிறகு இரண்டு வாரம் திரவம், அடுத்த இரண்டு வாரம் மசித்தது, அடுத்த இரண்டு வாரம் மென்மையானது. சொதியில் ஊறிய இடியப்பம் இறங்கும். காய்ந்த புட்டும் பாணும் தவிடு நீங்காத சோற்று உருண்டையும் பல மாதம் தொண்டைக்குக் கீழே சிக்கும். நாளுக்கு 60 கிராம் புரதம் தேவை: இரண்டு முட்டை 12, சமைத்த மீன் 100 கிராமில் 20, கொழுப்பு நீக்கிய பால்மா 40 கிராமில் 14, உலர்ந்த சோயாமீற் 30 கிராமில் 15. மீனை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போனால்தான் இது எட்டும். தண்ணீர் ஒன்றரை முதல் இரண்டு லீற்றர், சாப்பாட்டோடு சேர்க்காமல் அரை மணித்தியாலம் தள்ளி, மிடறு மிடறாக. மைலோ, சோடா, ஐஸ்கிறீம் எல்லாம் குழாயில் தடையில்லாமல் வழுக்கிப் போகும். ஸ்லீவ் செய்தும் எடை ஏறியவரின் வீட்டில் முதலில் தேட வேண்டியது இவற்றைத்தான். பைபாஸ் செய்தவர் அதே இனிப்பைக் குடித்தால் அரை மணித்தியாலத்துக்குள் நெஞ்சு படபடத்து, வியர்த்து, வயிற்றாலும் போகும். கள்ளும் சாராயமும் பைபாஸின் பின் வேகமாக ஏறும், இரண்டு போத்தல் தாங்கியவர் அரைப் போத்தலில் விழுவார். குடிக்கு அடிமையாகும் ஆபத்தும் கூடுகிறது என்பதால் குடிப்பழக்கம் உள்ளவருக்கு இந்த ஒப்பரேசனைத் தள்ளிப்போடுவதே சரி.

குளிசைகளில் பல்விற்றமின், பி12, விற்றமின் டி, நாளுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் கல்சியம், மாதவிடாய் உள்ள பெண்ணுக்கு 45 முதல் 60 மில்லிகிராம் இரும்பு. இரும்பையும் கல்சியத்தையும் இரண்டு மணித்தியாலம் பிரித்து எடுக்க வேண்டும், இரும்போடு தேநீர் கூடாது. ஸ்லீவுக்கும் இவை வேண்டும், பைபாஸில் தவறவிட்டால் தண்டனை சீக்கிரம் வரும். முதல் ஆறு மாதம் பித்தப்பைக் கல்லைத் தடுக்க அர்சோ குளிசை தருவார்கள். மூன்றாம் மாதமளவில் முடி கொட்டும், பெரும்பாலும் திரும்ப வளரும்.

பெண்களுக்கு ஒன்று. எடை இறங்கியதும், பல வருடம் பிள்ளை இல்லாதவருக்கும் கரு தங்கலாம். முதல் 12 முதல் 18 மாதம் தங்கக்கூடாது. பைபாஸின் பின் கருத்தடைக் குளிசையை நம்ப முடியாது, லூப் அல்லது கைத்தோலுக்கடியில் வைப்பது வேண்டும். பின்னர் கர்ப்பமானால், சீனி பார்க்கக் கிளினிக்கில் தரும் 75 கிராம் குளுக்கோசைப் பைபாஸ் செய்தவர் குடிக்கக் கூடாது. விரலில் குத்தி ஒரு வாரம் சீனி பார்ப்பதே மாற்றுவழி. மருத்துவமாதுவிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பர்சில் வைக்க வேண்டிய அட்டை

உங்கள் ஊர் வைத்தியசாலையில் இரவு கடமையில் இருக்கும் இளம் வைத்தியர் இந்த ஒப்பரேசனைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார். அதனால் ஒரு சிறிய அட்டையில் ஒப்பரேசனின் பெயர், திகதி, பைபாஸ் என்றால் குடலின் அளவுகள் ஆகியவற்றைச் செய்தவரிடமே எழுதி வாங்கி, பிளாஸ்ரிக் உறையில் போட்டு வையுங்கள். அதன் பின்புறத்தில் நான்கு விடயம் இருக்க வேண்டும். டைகுளோபினாக், இபுபுறொபன் வகை வலிமருந்து வேண்டாம், பொருத்தில் புண் வரும். முதல் வாரங்களில் மூக்கு வழியாகக் குழாயைப் பார்க்காமல் தள்ள வேண்டாம். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120ஐத் தாண்டி நின்றால், காய்ச்சல் இல்லாவிட்டாலும், வயிறு மெத்தென்று இருந்தாலும், கசிவு என்றே எடுத்துக்கொண்டு பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பவும். நாட்கணக்கில் வாந்தி என்றால் குளுக்கோஸ் சேலைன் ஏற்றுவதற்கு முன் தயமின் (விற்றமின் பி1) 200 முதல் 500 மில்லிகிராம் நாளம் வழியாகக் கொடுக்கவும். இந்தக் கடைசி வரியைத் தடித்த எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். பி1 தீர்ந்துபோன உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏறினால் பார்வை இரட்டிக்கும், நடை தள்ளாடும், நினைவு போகும், போனது பலருக்குத் திரும்புவதில்லை. கீழே, ஒப்பரேசன் செய்த பிரிவின் தொலைபேசி இலக்கம்.